இரவின் இருளும் நமது வளமே

(மலைப்பகுதி உழவர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மண்வளம், நீர்வளம், மரவளம் ஆகியவற்றைப் பற்றி இத்தகைய பயிற்சி வகுப்புகளில் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வளம் சற்று மாறுபட்டது. அது இரவின் இருள். இருளை வளம் என்று சொல்வது வியப்பாகத் தோன்றலாம். பயிர் பகல் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது என்பது நாம் அறிந்ததே. அதே பயிர், இரவுப் பொழுதின் நீளத்தைக் கொண்டுதான் பூக்கும் பருவத்தை அறிகிறது. அந்துப்பூச்சி, வௌவால், மின்மினி போன்றவை இருளை நம்பி வாழ்கின்றன. இவை தவிர, நட்சத்திரம் காண்பதற்காகவே நகரத்து மக்கள் புறப்பட்டு, இருண்ட வானமுள்ள கிராமத்தைத் தேடி வந்து தங்கும் வழக்கம் இன்று பெருகி வருகிறது. எனவே இருளைக் காப்பது எப்படி, அதனால் மலை உழவருக்குக் கிடைக்கும் பயன் என்ன என்பவற்றை இங்கு விளக்க விழைகிறேன்.

வெளுத்து வரும் வானம்

கடிகாரம் இல்லாத காலத்தில் கவலை இறைக்க எழுந்த உழவர்கள் விடிவெள்ளியைப் பார்த்தே எழுந்தார்கள். ஆறாமீன் எனப்படும் கார்த்திகைக் கூட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நிற்கும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று நகரத்தில் பிறந்து வளரும் குழந்தைக்கு ஆறாமீனைக் காட்ட நினைத்தாலும் காட்ட இயலாது. வானம் அங்கு இரவிலும் வெளுத்துக் கிடக்கிறது.

இதற்குக் காரணம் எளியது. மூடியில்லாத விளக்கிலிருந்து மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் செல்லும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் நீர்த்துளியிலும் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளி வானம் முழுவதும் ஒரு வெண்திரையாகப் படர்கிறது. மலை மேலிருந்து இரவில் சமவெளியைப் பார்த்தால், பெரிய ஊர்களுக்கு மேலே ஒளிக் குடை கவிந்திருப்பதை நீங்களே காணலாம். அந்தக் குடை பல கிலோமீட்டர் தொலைவுக்கு அப்பாலும் நட்சத்திரங்களை மறைக்கும்.

2016-ஆம் ஆண்டு வெளியான உலக அளவிலான ஆய்வு ஒன்றின்படி, உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வழியைக் காண இயலாத நிலையில் உள்ளனர். 2011 முதல் 2022 வரை பல நாடுகளின் பொதுமக்கள் தம் கண்ணால் கண்டு அனுப்பிய பதிவுகளைத் தொகுத்து, 2023-இல் மற்றொரு ஆய்வு வெளியிடப்பட்டது. இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடி வருகிறது என்று அது கணக்கிட்டது. இவ்வேகத்தில் சென்றால் எட்டு ஆண்டுகளுக்குள் வெளிச்சம் இரட்டிப்பாகும். குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிந்த ஊரில், அதற்கு 18 வயது ஆகும்போது 100 மட்டுமே தெரியும்.

சவ்வாது மலையும் காவலூரும்

இருண்ட வானத்தின் மதிப்பை நம் மாநிலம் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது. 1960-களில் வானியல் அறிஞர் வைணு பாப்பு அவர்கள், தொலைநோக்கி நிறுவத் தகுந்த இடத்தைத் தேடிச் சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, நகர விளக்குகளிலிருந்து விலகிய இருப்பு ஆகியவை இவ்விடத்தின் சிறப்புகள். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் வடவானம், தென்வானம் இரண்டிலும் பெரும்பகுதியை இங்கிருந்து காண முடியும்.

1968-இல் 38 செ.மீ. குறுக்களவுள்ள சிறு தொலைநோக்கியுடன் இங்குப் பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டில், வியாழன் கோளின் துணைக்கோளான கனிமீடைச் சுற்றி வளிமண்டலம் இருப்பதற்கான சான்று இங்குப் பதிவானது. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் அறியப்பட்டபோது காவலூர்ப் பதிவுகளும் துணை நின்றன. 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, அந்நாளில் ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்றாக விளங்கியது. 1988-இல் இங்குக் கண்டறியப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜத்தின் பெயர் சூட்டப்பட்டது. இவையனைத்தும் சாமை விளையும் ஒரு மலையில், அங்கு நிலவிய இருளின் துணையால் நடந்தவை.

ஆனால் சமவெளி ஊர்கள் வளர வளர அவற்றின் ஒளி காவலூர் வானத்தையும் தொடத் தொடங்கிவிட்டது. தொலைநோக்கியைப் பெயர்த்து வேறிடம் கொண்டு செல்வது எளிதன்று. சுற்றியுள்ள விளக்குகளைத் திருத்துவதே செய்யக்கூடியது.

ஹான்லே மக்கள் செய்தது என்ன?

லடாக்கில் ஹான்லே என்னும் ஊரின் அருகே, சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் மற்றோர் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கி 2000-ஆம் ஆண்டில் முதன்முதலாக வானத்தைப் பதிவு செய்தது. பெங்களூருக்கு அருகிலுள்ள ஓசகோட்டையில் இருந்தபடியே அதனைச் செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள்.

ஹான்லே மக்கள் வாற்கோதுமை பயிரிடுபவர்கள். ஆடும் யாக்கும் மேய்ப்பவர்கள். பயிர்ப் பருவம் குறுகியது, குளிர் கொடியது. 2022 டிசம்பரில் இந்த ஆய்வுக்கூடத்தைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. லடாக் ஆட்சி நிருவாகம், லே மலைப்பகுதி வளர்ச்சி மன்றம், வானியற்பியல் நிறுவனம் ஆகிய மூன்றும் இதற்காக உடன்படிக்கை செய்துகொண்டன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஊர் மக்களுக்கு அளிக்கப்பட்ட இடம். உள்ளூர் ஆண்களும் பெண்களும் தேர்ந்தெடுக்கப்பட்டு, வானத்தைக் காட்டி விளக்கும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள். அவர்களுக்குத் தொலைநோக்கிகளும் வழங்கப்பட்டன. வரும் விருந்தினர் ஊரார் வீடுகளில் தங்குகிறார்கள். உணவுக்கும் தங்குவதற்கும் வானம் பார்ப்பதற்கும் தரும் பணம் அவ்வீடுகளுக்கே சேர்கிறது. இதற்கு ஈடாக ஊரார் விளக்குகளுக்கு மூடி போட்டார்கள். சன்னல்களுக்குத் திரை இட்டார்கள். இரவில் வண்டிகளின் முகப்பு விளக்கைத் தாழ்த்திச் செலுத்தும்படி செய்தார்கள்.

இதையடுத்து, மராட்டிய மாநிலத்திலுள்ள பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 சனவரியில் பன்னாட்டு அமைப்பின் சான்று பெற்று, இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்கா ஆனது. அங்கும் காட்டை ஒட்டிய சிற்றூர்களின் தெருவிளக்குகள் தரையை மட்டும் நோக்குமாறு மாற்றப்பட்டன. எந்த ஊரும் இருட்டில் மூழ்கவில்லை. ஒளி விழ வேண்டிய இடத்தில் விழுகிறது, அவ்வளவே.

பயிருக்கும் இருள் வேண்டும்

இனி நம் வயலுக்கு வருவோம். 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்னும் இரு அறிஞர்கள் புகையிலையிலும் சோயா மொச்சையிலும் ஆய்வு செய்து, பகலின் நீளத்திற்கேற்பப் பயிர் பூக்கிறது என்று கண்டனர். 1938-இல் ஹாம்னர், பானர் ஆகியோர் மருளூமத்தைச் செடியில் செய்த ஆய்வில் ஓர் உண்மை புலப்பட்டது. அச்செடி கணக்கிடுவது இரவின் நீளத்தை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டாலும் அது பூக்கத் தவறியது. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமியே இவ்வொளியை உணர்கிறது.

இந்த உண்மையை நாம் தொழிலிலும் பயன்படுத்துகிறோம். சாமந்தி பயிரிடுவோர் இரவில் சில மணி நேரம் விளக்கெரித்துப் பூப்பதைத் தள்ளிப் போடுவது இதே முறையில்தான். வேண்டும்போது செய்தால் அது தொழில்நுட்பம். வேண்டாதபோது தெருவிளக்கு அதே வேலையைச் செய்தால் அது இழப்பு. சோயா வயலில் விளக்குக் கம்பத்தைச் சுற்றியுள்ள செடிகள் மட்டும் முதிராமல் பச்சையாகவே நிற்பது பல நாடுகளில் காணப்பட்டுள்ளது. ஜப்பானில் தெருவிளக்கை ஒட்டிய நெல் வயல்களில் கதிர் வெளிவரத் தாமதமாவது நெடுநாளைய சிக்கல். அங்குள்ள யாமகுச்சி பல்கலைக்கழகத்தார் நெல்லைப் பாதிக்காத விளக்கை உருவாக்க ஆய்வு மேற்கொண்டார்கள்.

நிலவொளியும் ஒளிதானே என்று சிலர் கேட்பார்கள். முழுநிலவின் ஒளி தரையில் கால் லக்ஸ் அளவுதான் இருக்கும். தெருவிளக்கின் அடியில் அது 10 லக்ஸுக்கு மேல் போகும். அதாவது 40 மடங்கு. நிலவு தேய்ந்து மறையும். விளக்கு ஆண்டு முழுவதும் எரியும்.

ஆயினும் இதை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. இன்று நாம் பயிரிடும் குறுகிய கால நெல் இரகங்களுள் பெரும்பாலானவை ஒளிக்கால உணர்வு குறைந்தவை. அவற்றில் பாதிப்பு பெரிதாக இராது. பழைய நீண்டகாலச் சம்பா இரகங்கள் பலவும், சோயா மொச்சை, சாமந்தி போன்றவையும் உணர்வு மிக்கவை. பாதிப்பும் விளக்கை ஒட்டிய பகுதியில்தான் தெரியும். உங்கள் வயலில் கம்பத்தருகே மட்டும் பயிர் பின்தங்கினால், உரத்தையும் நீரையும் சரிபார்ப்பதோடு தலைக்கு மேலுள்ள விளக்கையும் ஒருமுறை பாருங்கள்.

தட்டு இல்லாத விளக்குப் பொறி

விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும் என்பதை நாம் அறிவோம். அதனால்தான் விளக்குப் பொறியைப் பரிந்துரைக்கிறோம். எக்டருக்கு ஒன்று வீதம், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மட்டும் எரித்து அணைக்க வேண்டும். நேரம் கடந்து எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் மிகுதியாக மாட்டிக்கொள்ளும்.

விடிய விடிய எரியும் மோட்டார் கொட்டகை விளக்கும் ஒரு விளக்குப் பொறியே. ஆனால் அதற்கு மண்ணெண்ணெய் கலந்த நீர்த் தட்டு இல்லை. சுற்று வட்டாரத்து அந்துப்பூச்சிகளை எல்லாம் கூட்டி வந்து உங்கள் வயலருகே விட்டுவிடும் வேலையை அது செய்கிறது. மகரந்தம் சுமக்கும் இரவுப் பூச்சிகளை அது வேலை செய்ய விடுவதுமில்லை. 2017-இல் சுவிட்சர்லாந்தில் புல்வெளிகளில் விளக்கு வைத்துச் செய்த ஆய்வில், இரவுப் பூச்சிகள் பூவை நாடி வருவது 62 விழுக்காடு குறைந்தது. ஆய்ந்த செடியில் காய்ப்பிடிப்பு 13 விழுக்காடு குறைந்தது. பகலில் வந்த தேனீக்களாலும் பிற பூச்சிகளாலும் அக்குறையை ஈடுசெய்ய இயலவில்லை.

இலுப்பையும் இலவமும் இரவில் வரும் வௌவாலின் உதவியால் காய்ப்பவை. மின்மினியின் புழுக்கள் நத்தைகளை உண்பவை. ஆண் மின்மினியும் பெண் மின்மினியும் தம் ஒளியைக் கொண்டே ஒன்றையொன்று அறிகின்றன. பெருவிளக்கின் நடுவே அவற்றின் சிற்றொளி எடுபடாது. மின்மினி குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பூச்சிக்கொல்லியும் காடு அழிந்ததும் காரணங்கள். விளக்கொளியும் அவற்றுடன் சேர்ந்த ஒரு காரணம்.

விளக்கை அமைக்கும் முறை

மலைக் கிராமங்கள் மின்சாரத்திற்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தன. அவ்வூர் மக்களைப் பார்த்து, "நகரத்தார் நட்சத்திரம் பார்க்க வேண்டும், நீங்கள் இருட்டில் இருங்கள்" என்று சொல்வது நியாயமாகாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. இருட்டில் பாம்பும் திருட்டும் உண்டு. பெண்களும் பிள்ளைகளும் அச்சமின்றி நடமாட வேண்டும். ஆனால் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு, அதன் பின்னாலுள்ள நிழலில் நிற்பவரை மறைத்துவிடும். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்த கதையாக அது முடியும். கீழ்க்கண்ட முறைகளைக் கையாண்டால் பாதுகாப்பும் கிடைக்கும், வானமும் தங்கும்.

1. விளக்கின் மேலும் பக்கங்களிலும் மூடி பொருத்துங்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தரையில் வெளிச்சம் தெரிய வேண்டும். பல்பு கண்ணில் படக் கூடாது. பழைய தகர டப்பாவை வெட்டிக்கூட இம்மூடியைச் செய்யலாம். சூடு வெளியேற இடைவெளியும், மழைநீர் புகாத அமைப்பும் இருக்கட்டும். மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே இதனைச் செய்ய வேண்டும்.

2. நீலம் கலந்த வெள்ளை ஒளியைத் தவிர்த்து, மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. விளக்கை வாங்குங்கள். பெட்டியின் மேல் 3000 கெல்வின் அல்லது அதற்குக் குறைவாக அச்சிட்டிருக்க வேண்டும். நீல ஒளி காற்றில் மிகுதியாகச் சிதறும். பூச்சிகளையும் மிகுதியாக ஈர்க்கும்.

3. தேவையான அளவு வாட் மட்டும் போடுங்கள். மாட்டுக் கொட்டிலுக்கும் களத்திற்கும் ஒரே அளவு விளக்கு தேவையில்லை.

4. வேலை முடிந்ததும் அணையுங்கள். மறந்து போகும் இடங்களில் நேரக் கட்டுப்பாட்டுச் சுவிட்சையோ, ஆள் நடமாட்டம் கண்டு எரியும் விளக்கையோ பொருத்தலாம். மின்கட்டணமும் குறையும்.

5. இரவில் வரப்பில் நடக்கும்போது கைவிளக்கும் காலுக்குப் பாதுகாப்பான காலணியும் கட்டாயம் வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தொலைவிலுள்ள கம்பத்து விளக்கை நம்பி நடப்பதைவிடக் கையிலுள்ள விளக்கைக் காலடியில் காட்டி நடப்பதே உறுதியான பாதுகாப்பு.

6. ஊராட்சி புதிய தெருவிளக்கோ உயர்கோபுர விளக்கோ அமைக்க முற்படும்போது, மூடியுள்ள, கீழ்நோக்கிய விளக்கே வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். கம்பம் நட்ட பின் மாற்றுவதைவிட, வாங்கும்போதே சொல்வது எளிது.

வானம் காண வருவோரை வரவேற்க

நம் மலைகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவில் தென்வானில் தெற்குச் சிலுவை முழுமையாகத் தெரியும். அதே இரவில் வடக்கே துருவ மீனும் தெரியும். ஹான்லேயிலிருந்து தெற்குச் சிலுவையை முழுமையாகக் காண இயலாது. தை, மாசியில் முன்னிரவில் ஆறாமீன், செந்நிற ரோகிணி, சிவந்த திருவாதிரை, அதன் அருகே வரிசையாக மூன்று மீன்கள், தெற்கே அகத்திய மீன் ஆகியவற்றைக் காட்டலாம். பங்குனியில் விடியலுக்கு முன் தென்வானில் விருச்சிகமும், அதனூடே செல்லும் பால்வழியும் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை முதல் சித்திரை வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். மானாவாரிச் சாமை அறுவடை முடிந்து வேலை குறைந்திருக்கும் காலமும் அதுவே. அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்கள் ஏற்றவை.

பெரிய முதலீடு வேண்டியதில்லை. தூய்மையான அறை, நல்ல கழிப்பிடம், காப்பான குடிநீர், படுத்துப் பார்க்கக் கயிற்றுக் கட்டில், கம்பளி ஆகியவை போதும். தொலைநோக்கி வாங்கும் முன் 7×50 அல்லது 10×50 அளவுள்ள இருகண்ணோக்கி ஒன்று வாங்கினால் தொடக்கத்திற்குப் போதுமானது. இருளுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் வெள்ளை விளக்கோ கைப்பேசித் திரையோ பட்டால் மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டும். ஆகவே கைவிளக்கின் முகப்பில் சிவப்புத் தாளைக் கட்டிக் கொடுங்கள். சாமைச் சோறும் மலைத்தேனும் விருந்தினருக்குப் புதுமை. உங்கள் விளைபொருளை நேரடியாக விற்கவும் அது வழி. வீட்டுப் பெரியவர்கள் நட்சத்திரங்களை எப்பெயரிட்டு அழைத்தார்கள் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகமும் தராத செய்தி அது; விருந்தினர் விரும்பிக் கேட்பதும் அதுவே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஊர் பெயர் பெற்றதும் வெளியார் நிலம் வாங்கி, மின்விளக்குத் தோரணங்களுடன் விடுதி கட்ட வருவார்கள். எதைக் காண மக்கள் வருகிறார்களோ அதையே அவ்விளக்குகள் அழித்துவிடும். ஆதலால் விருந்தினர் தங்கும் ஏற்பாட்டை ஊரார் குழுவாக நடத்துவது நல்லது. எத்தனை பேரை ஏற்பது, விளக்கு எப்படி இருக்க வேண்டும், குப்பையை என்ன செய்வது என்பவற்றை முன்னரே எழுதி வையுங்கள். காட்டுப் பகுதிக்குள் அழைத்துச் செல்ல வனத்துறையின் அனுமதி பெறுவது கட்டாயம். தீ மூட்டுவது கூடவே கூடாது.

நிறைவாக ஒன்று. அரித்துச் சென்ற மேல்மண் திரும்ப உருவாகப் பல தலைமுறைகள் ஆகும். வற்றிய கிணறு ஊற நல்ல மழைக்காகக் காத்திருக்க வேண்டும். இருளை மீட்பதற்கோ ஒரு மூடியும் ஒரு சுவிட்சும் போதும். விளக்கைத் திருத்திய அன்றிரவே பலன் தெரியும். வரும் அமாவாசையன்று உங்கள் களத்து விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் வெளியில் நின்று பாருங்கள். ஆறாமீனில் எத்தனை மீன்கள் தெரிகின்றன என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஆறும் தெரிந்தால் உங்கள் ஊர் வானம் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. நான்கைந்துதான் தெரிந்தால், எந்த விளக்கு மறைக்கிறது என்று சுற்றிப் பார்த்து, மறுநாளே அதற்கு ஒரு மூடி போடுங்கள்.